பத்து நிமிட ஓட்டத்தால் பேட்டரி நிறையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட நாள் நிறுத்திவைக்கப்படும் மோட்டார்ஹோம்களை, அதாவது உள்ளேயே தங்கி உறங்கும் வசதி கொண்ட வண்டிகளை, பேணுவது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வந்த குறிப்புகளில் ஒன்று, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்காது என்று சொல்கிறது. டயர், தண்ணீர்த் தொட்டி, எரிவாயு உருளை பற்றிய மற்றக் குறிப்புகளில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. வாகன மின்பழுது பார்க்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி வைத்திருப்பவன் நான். இந்த யோசனையை நம்பிப் பேட்டரியைக் கெடுத்துக்கொண்டவர்களைத் தொழிலில் இருந்தபோது நிறையவே பார்த்திருக்கிறேன். கடிதம் சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். நிற்கிற வண்டிக்கு என்ன செலவு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு நாம் இறங்கிப் போன பிறகும் திருட்டு எச்சரிக்கைக் கருவி, கதவுப் பூட்டின் ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், இருப்பிடம் காட்டும் டிராக்கர், இன்ஜின் கணினி, ரேடியோவின் நினைவகம் ஆகிய அனைத்தும் ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்து 40 மில்லிஆம்பியர் இழுப்பது மிகச் சாதாரணம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஓட்டம் ஒரு மணி நேரம் போனால் ஆகும் அளவு), வாரத்துக்கு 7. இதற்கு ஈடாகப் பத்து நிமிட ஓட்டம் எவ்வளவு தருகிறது? இன்ஜினைக் கிளப்புவதற்கான செலவை நாம் பெரிதாக எண்ணுகிறோம். உண்மையில் அது சிறியது. ஸ்டார்ட்டர் மோட்டார் 300 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று விநாடிகளில் போவது கால் ஆம்பியர்-மணிதான். குறைவு இருப்பது வரவில். வண்டி நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடும்போது, இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தருவதில்லை. தருவதிலும் ஒரு பகுதியை எரிபொருள் பம்பும் விசிறியும் டீசல் இன்ஜினைச் சூடேற்றும் குளோ பிளக்குகளும் எடுத்துக்கொள்கின்றன. பேட்டரிக்குள் 20 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்தில் அது 3 ஆம்பியர்-மணிக்குச் சற்றுத்தான் மேல். வாரம் 7 செலவு, 3 வரவு என்று போனால், 90 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று பதினோரு வாரத்தில் பாதி காலியாகிவிடும். பேட்டரி தனக்குள்ளேயே இழப்பதை நான் இதில் சேர்க்கவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வண்டிகளில் வழக்கமாக இருக்கும் லெட்-ஆசிட் (ஈய-அமில) பேட்டரி நிறைய நிறைய, உள்ளே வரும் மின்னோட்டத்தை வாங்க மறுத்துக்கொண்டே போகும். முதல் எண்பது விழுக்காடு விரைவாக ஏறும். கடைசி இருபது விழுக்காட்டுக்கு, எவ்வளவு பெரிய சார்ஜரை மாட்டினாலும் பல மணி நேரம் பிடிக்கும். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பத்து நிமிட ஓட்டம் ஒருநாளும் எட்டுவதில்லை. ஆகவே வாரந்தோறும் தவறாமல் இன்ஜினை ஓடவிடுபவரின் பேட்டரியும் எப்போதும் அரைகுறையாகவே நிற்கிறது. ஒரு மணி நேரமாவது சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் அது வேறு கதை.

பேட்டரிக்கு அப்பாலும் இந்தப் பழக்கத்தால் தீங்கு உண்டு. முழுச் சூட்டுக்கு வராத இன்ஜினின் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் நீர் தங்கிவிடும். கொட்டகைக்குள் நிறுத்தி ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்று நம்பக்கூடிய வாயு அல்ல அது.

இனி என் சொந்த அனுபவம். மோட்டார்ஹோமை வாங்கிய முதல் குளிர்காலத்தில், மூன்று மாதம் அதை வெளி மின்சாரத்தில், அதாவது கம்பி வழியாக வரும் வீட்டு மின்சாரத்தில், செருகியே வைத்திருந்தேன். உள்ளே சுவரில் இருக்கும் பலகையில் பச்சை விளக்கு எரிந்தது, 13.6 வோல்ட் என்று எண்ணும் காட்டியது. வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து மகிழ்ந்துகொண்டேன். கிளம்ப வேண்டிய நாளில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தபோது ஸ்டார்ட்டர் பேட்டரி 9.8 வோல்ட்டில் கிடந்தது. பலகை காட்டியது பொய்யல்ல. அது சொன்னது உள்ளறைப் பேட்டரியின் கதை. விளக்கு, தண்ணீர்ப் பம்பு, குளிர்ப்பெட்டி ஆகியவற்றுக்கான அந்தப் பேட்டரி ததும்ப ததும்ப நிறைந்திருக்க, இரண்டடி தள்ளி இருந்த ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு மூன்று மாதமும் ஒரு சொட்டு மின்சாரம் போகவில்லை. முப்பது ஆண்டு மின்பழுது பார்த்தவன் ஏமாந்த இடம் இது என்பதால்தான், மற்றவர்கள் ஏமாறுவதில் வியப்பில்லை என்கிறேன்.

மோட்டார்ஹோமில் இரண்டு வகைப் பேட்டரிகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியும். இரண்டும் இரண்டு தனி வாழ்க்கை வாழ்கின்றன என்பதுதான் தெரிவதில்லை. ஸ்டார்ட்டர் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுத்துவிட்டு உடனே மீண்டும் நிறைந்துகொள்ளும்படி அமைந்தவை. ஆழமாக இறங்குவதை அவை தாங்கா. உள்ளறைப் பேட்டரியின் தகடுகள் தடித்தவை. மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும் வேலைக்குப் பழகியவை. பழைய வண்டிகள் பலவற்றில், வெளி மின்சாரத்தில் இயங்கும் சார்ஜரும் கூரைமேல் இருக்கும் சோலார் பலகையும் உள்ளறைப் பேட்டரிக்கு மட்டுமே சார்ஜ் ஏற்றும். ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு ஆல்டர்னேட்டர் ஒன்றே கதி. புதிய வண்டிகள் சிலவற்றில் இரண்டுக்கும் வழி செய்திருப்பார்கள். உங்கள் வண்டி எந்த வகை என்பதை விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

மீட்டரைப் பிடித்தால் அரைமணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். வண்டியை எந்தச் சார்ஜரும் இல்லாமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் டிஜிட்டல் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, ஸ்டார்ட்டர் பேட்டரியின் இரு டெர்மினல்களிலும் நேரடியாக முனைகளைத் தொட்டுப் பாருங்கள், 12.5 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு வெளி மின்சாரத்தைச் செருகி அரைமணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 13.3, 13.5 என்று ஏறியிருந்தால் உங்கள் சார்ஜர் இரண்டு பேட்டரிகளையும் கவனிக்கிறது. அதே 12.5 நின்றால், அது இந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. சோலார் பலகைக்கும் இதே சோதனையை நல்ல வெயிலில் செய்யலாம்.

ஓர் இரவு விடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சார்ஜ் ஏறியவுடனோ வண்டி ஓடி நின்றவுடனோ அளந்தால், தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய மின்னழுத்தம் உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். ஓய்வில் இருக்கும் சாதாரண ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது என்று பொருள், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஆசிடைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்திருக்கும் ஏ.ஜி.எம். வகையில் நிறைந்த நிலை சற்று உயர்ந்து 12.8க்கு மேல் இருக்கும். 12.4க்குக் கீழே போக விடாமல் பார்த்துக்கொள்வது என் பழக்கம். இறங்கிய பேட்டரியின் தகடுகளில் படியும் லெட் சல்பேட் முதலில் மென்மையாக இருக்கும், சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகி, பிறகு எந்தச் சார்ஜருக்கும் மசியாது. என் பேட்டரிக்கு அந்தக் குளிர்காலத்தில் நேர்ந்தது அதுதான். சார்ஜ் ஏறியது போலக் காட்டியது. ஸ்டார்ட் செய்தபோது 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. நிறைந்த பேட்டரி, மிதமான வெப்பநிலையில் இன்ஜினைச் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால், அதற்குச் சார்ஜர் மருந்தல்ல. புதிதாக மாற்ற வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது சார்ஜ் போதாமல் கெடுவது பற்றி. மிஞ்சிக் கெடுவதும் உண்டு. அதில்தான் ஆபத்து அதிகம். ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு வழி இல்லை என்று கண்டுகொண்ட பின், வேலையை உடனே முடிக்கும் அவசரத்தில், பட்டறைக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, புதுப் பேட்டரியில் மாட்டி, மிகக் குறைந்த ஓட்டத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஐந்தாம் நாள் ஓட்டுநர் அறைக் கதவைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. காலடியில் இருந்த பேட்டரிப் பெட்டியின் மூடியில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரியின் பக்கச் சுவர் இலேசாகப் புடைத்திருந்தது. அந்த நேரத்தில் கிளிப்பைப் பிடுங்கத்தான் கை போகும். அதைச் செய்யக் கூடாது. பிடுங்கும்போது எழும் ஒரு பொறி போதும். உள்விளக்கைக்கூடப் போடாமல், கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு வெளியே வந்து, வண்டிக்கு எட்டத்தில் இருந்த சுவர் சுவிட்சை அணைத்தேன். இரண்டு மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் கிளிப்பைக் கழற்றினேன்.

காரணம் எளியது. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள். மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டைத் தாண்டியதும் ஆசிடில் உள்ள தண்ணீர் பிரிந்து, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக வேகமாக வெளியேறத் தொடங்குகிறது. காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடும். எடை குறைந்த வாயு ஆதலால் பெட்டியின் மூடிக்கு அடியில் போய்த் தங்கும். பழைய சார்ஜர்களுக்கு மேல்வரம்பு தெரியாது. குறைந்த ஓட்டம் என்று எழுதியிருந்தாலும், பேட்டரி நிறைந்த பிறகும் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம் 15, 16 என்று ஏறும். ஒருநாள் இரவு மட்டும் ஏற்றுவதற்கு, ஆள் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு அவை செய்யப்பட்டவை. மாதக்கணக்கில் மாட்டி வைப்பதற்கு அல்ல.

மாட்டி வைப்பதற்கு உரியது, கட்டம் கட்டமாக வேலை செய்யும் தானியங்கிச் சார்ஜர். அது 14.4 வோல்ட் வரை ஏற்றி, பேட்டரி வாங்கும் ஓட்டம் தணிந்ததும் 13.5 முதல் 13.8 வரையுள்ள மிதப்பு நிலைக்குத் தானே இறங்கிவிடும். அந்த நிலையில், செலவாகும் அளவுக்கு மட்டும் ஈடு செய்துகொண்டிருக்கும். பேட்டரியின் வகையைச் சார்ஜரில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெல் பேட்டரியை ஏ.ஜி.எம். அளவில் ஏற்றினால் அதற்கு மிகை. வெப்பநிலைக்கேற்ப அளவை மாற்றும் சார்ஜராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால், 12 வோல்ட் பேட்டரிக்கு வேண்டிய மின்னழுத்தம் ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிவோல்ட் குறைகிறது. அப்படியானால், குளிரில் சரியாக இருந்த 14.4, வெயிலில் காய்ந்து 45 டிகிரி ஏறிய ஓட்டுநர் அறையில் மிகையாகிவிடும். பல சார்ஜர்களில் "புத்துயிர்" என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அது 15.5 வோல்ட்டுக்கு மேலும் போகக்கூடும். பேட்டரி வண்டியோடு இணைந்திருக்கும்போது அதை அழுத்தினால் மின்னணுக் கருவிகள் சேதப்படலாம். கழற்றி வெளியே வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

மின்சாரம் போய்த் திரும்பும்போது அந்தச் சார்ஜர் தானே மீண்டும் வேலையைத் தொடங்குகிறதா என்பதை வீட்டில் ஒருமுறை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சில தொடங்குவதில்லை. சில, தொடங்காததோடு நில்லாமல், பேட்டரியிலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி உண்ணும்.

பேட்டரி இருக்கும் இடம் மோட்டார்ஹோமில் தனியாகச் சொல்லத்தக்கது. ஃபியட் டுகாட்டோ வேனை அடித்தளமாகக் கொண்ட வண்டிகள் பலவற்றில் ஸ்டார்ட்டர் பேட்டரி முன் இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் தரைக்கு அடியில் இருக்கிறது. லாரியிலோ காரிலோ பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியின் வாயு காற்றோடு போய்விடும். இங்கே, அதே காற்றில் நாம் படுத்து உறங்குகிறோம். அதற்காகத்தான் பேட்டரியின் ஓரத்தில் உள்ள சிறு துவாரத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தரைக்கு வெளியே போகிறது. பேட்டரியை மாற்றும்போது பெரும்பாலும் மறக்கப்படுவது இந்தக் குழாய்தான். புதுப் பேட்டரியின் இரு ஓரங்களிலும் துவாரம் இருக்கும். ஒன்றை அதற்கான அடைப்பானால் மூடி, மற்றொன்றில் முழங்கை வளைவு கொண்ட முனையைச் செருகிக் குழாயை மாட்ட வேண்டும். என் வண்டியை முன்பு பார்த்த பட்டறையில் அந்தக் குழாயைப் பக்கத்தில் சும்மா தொங்கவிட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் நாற்றம் முழுவதும் அறைக்குள்ளேயே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். புதுப் பேட்டரியை மாட்டியபோது அதைப் பார்க்காமல் விட்டது என் பிழை.

இணைக்கும் முறைக்கு வருகிறேன். சார்ஜரின் மின்சாரச் செருகி கடைசியில். அதற்கு முன் சிவப்புக் கிளிப்பைப் பாசிட்டிவில், பிறகு கறுப்புக் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி, வண்டியின் உலோக உடம்போடு இணைந்துள்ள எர்த் போல்ட்டில் மாட்ட வேண்டும். கழற்றும்போது முதலில் செருகி, பிறகு கறுப்பு, கடைசியில் சிவப்பு. கறுப்பை நெகட்டிவ் டெர்மினலில் மாட்டாமல் எர்த்தில் மாட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பொறி எழுந்தாலும் வாயு இருக்கும் இடத்தில் எழாது என்பது ஒன்று. புதிய வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலின் மேலேயே பேட்டரி சென்சார் இருக்கும். நேராக டெர்மினலில் மாட்டினால் ஏறிய சார்ஜ் அந்தச் சென்சாரின் கணக்கில் வராமல் போகும் என்பது மற்றொன்று. பேட்டரியையே கழற்றுவதானால் நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. விரலில் இருக்கும் மோதிரத்தைப் பழுக்கக் காய்ச்ச அது போதும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைத்துவிட்டுத்தான் நான் இன்றும் பேட்டரிப் பெட்டியைத் திறக்கிறேன். கண்ணாடியும் கையுறையும் அணிவது ஆசிடுக்காக. கண்ணில் தெறித்தால் வேறு எதையும் தேடாமல் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அடிக்கடி தரையைத் திறந்து கிளிப் மாட்டுவது எரிச்சல் என்பதால், டெர்மினலில் நிலையாக ஒரு வயரைப் பொருத்தி அதன் நுனியில் ஒரு செருகியை வெளியே விட்டுவைப்பார்கள். நல்ல யோசனைதான், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருந்தே தீர வேண்டும். பியூஸ் சார்ஜரைக் காப்பதற்கு என்று எண்ணிச் சார்ஜர் பக்கம் வைக்கிறார்கள். அது காப்பது வயரை. இருக்கைச் சட்டத்துக்கு அடியில் நசுங்கி வயர் எர்த் ஆனால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையே உள்ள பகுதிக்குக் காவல் இல்லை. அந்தப் பகுதி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 10 ஆம்பியர் பியூஸ் போதுமானது. சார்ஜரை மெத்தையின் மேலோ பேட்டரியின் மேலோ வைக்காமல், காற்றோட்டமுள்ள கெட்டியான இடத்தில் வைக்க வேண்டும். நீட்டிப்புக் கம்பியைச் சுருளாகவே விட்டுவைக்காமல் முழுதும் பிரித்துவிட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவி உள்ள இணைப்பிலிருந்தே அதை எடுக்க வேண்டும்.

வெளி மின்சாரத்தில் ஏற்கெனவே செருகியிருக்கும் வண்டிக்கு இரண்டாவது சார்ஜர் தேவையில்லை. உள்ளறைப் பேட்டரி நிறைந்து 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்போது அதிலிருந்து சிறிதளவு மின்சாரத்தை ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு வார்த்து, உள்ளறையின் மின்னழுத்தம் குறைந்ததும் தானே நின்றுவிடும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. எனக்கு இதுவே மிகப் பிடித்த வழி. வண்டியில் ஒருமுறை பொருத்திவிட்டால் மறந்துவிடலாம். இங்கே பியூஸ் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வயரின் இரு நுனிகளிலும் பேட்டரி இருக்கிறது; நடுவில் எங்கே எர்த் ஆனாலும் இரு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும் என்பதால், ஒவ்வொரு பேட்டரிக்கும் பக்கத்தில் ஒன்று. இருபக்க வோல்ட்டேஜை உணர்ந்து தானே இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது ஒட்டியதும் இரு பேட்டரிகளையும் நேரடியாக இணைத்துவிடும் ஆதலால் பெரும் ஓட்டத்துக்கு ஏற்ற தடித்த வயர் வேண்டும். உள்ளறைக்கு லித்தியம் பேட்டரி மாற்றியவர்கள் அந்த ரிலேயை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் அளவில் நிற்கும். வண்டி ஓடுகிறது என்று ரிலே ஏமாந்து இரண்டையும் ஒட்டியே வைத்திருக்கும். அவர்களுக்கு உரியது, ஒரு பேட்டரிப் பக்கத்து மின்சாரத்தை எடுத்து மற்றதற்கு ஏற்ற அளவில் மாற்றிக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர்.

மின்சார இணைப்பே இல்லாத இடத்தில் நிற்கும் வண்டிக்கு 10 முதல் 20 வாட் வரையுள்ள சோலார் பலகை ஒன்று, மேலே சொன்ன செலவுக்கு நல்ல வெயிலில் ஈடு கொடுக்கும். சிறியது என்பதற்காக, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இல்லாமல் மாட்ட வேண்டாம். சுமையில்லாத பலகை 20 வோல்ட் அளவுக்குப் போகும். கன்ட்ரோலரில் பேட்டரியை முதலில் இணைத்து, பிறகு பலகையை இணைக்க வேண்டும். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பலகையை வைத்து, சிகரெட் லைட்டர் துளையில் செருகிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், சாவியை எடுத்த பிறகும் அந்தத் துளையில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் சாவியோடு அதுவும் அணைந்துவிடும். கூரைக்கு அடியில் நிற்கும் வண்டிக்கு இந்த வழி உதவாது.

வெயிலும் இல்லை, மின்சாரமும் இல்லை என்றால், நிறைய சார்ஜ் ஏற்றிய பின் நெகட்டிவைக் கழற்றி வைப்பதுதான் மிச்சம். எச்சரிக்கைக் கருவியும் டிராக்கரும் அப்போது வேலை செய்யாது. அவை இயங்க வேண்டும் என்று காப்பீட்டில் நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றி வைத்த பேட்டரியும் தானாக இறங்கும். வெப்பம் கூடக் கூட இன்னும் விரைவாக. ஆகவே ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கடுங்குளிர் உள்ள இடங்களில் இறங்கிய பேட்டரிக்கு இன்னொரு கேடும் உண்டு. நிறைந்த பேட்டரியின் ஆசிட் −50 டிகிரியிலும் உறையாது; முற்றாக இறங்கியதோ சுழியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து பேட்டரியின் வெளிக்கூட்டைப் பிளந்துவிடும். உறைந்த பேட்டரிக்கு எக்காரணம் கொண்டும் சார்ஜ் ஏற்றக் கூடாது.

ஆசிரியர் அவர்கள் அருள்கூர்ந்து, அந்தக் குறிப்பு வெளிவந்த அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவாக இருந்தால் பேட்டரிக் கணக்கை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட வேண்டாம் என்ற வரியையாவது, வண்டிகளை நிறுத்திவைக்கும் பருவம் தொடங்குவதற்கு முன் அச்சில் பார்க்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வாகன மின்பணியாளன்